சைகோனில் யார் கடை வைத்தார்கள்?



புதுச்சேரியிலிருந்து கடல் கடந்தவர்களைப் பற்றிப் பேசும்போது நம் கண்முன் வழக்கமாக இரண்டு உருவங்களே வருகின்றன. ஒருவர், சைகோனிலிருந்து தகரப் பெட்டியும் பென்ஷன் புத்தகமுமாகத் திரும்பிய சொல்தா. மற்றவர், ரெயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் கரும்பு வெட்டக் கப்பல் ஏற்றப்பட்ட கூலி. சொல்தாவைப் பற்றி ஊரில் கதைகள் உண்டு. கூலியைப் பற்றி இப்போதுதான் நூல்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. மூன்றாவதாக ஒருவர் இருக்க வேண்டும்: அன்னிய ஊரில் வாடகைக்கு ஓர் அறை பிடித்து, பலகை மாட்டி, சரக்கு வாங்கி வைத்து விற்றவர். நம் மக்களில் அப்படிப்பட்டவர் ஏன் அவ்வளவு அரிதாக இருந்தார் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி.

அன்னியர் ஒருவர் வேற்று மண்ணில் சிறுதொழில் தொடங்க என்ன வேண்டும் என்று அரசிடம் கேட்டால், தங்கும் உரிமை, தொழில் உரிமம், வரி ரசீது என்று சொல்லும். கடைத்தெருவிடம் கேட்டால் அது வேறு பட்டியலைத் தரும்: கைமுதல், கடனுக்குச் சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரி, பிணை நிற்க ஓர் ஆள், நஷ்டம் வந்தால் தாங்கிக்கொள்ளும் சொந்தம். முதல் பட்டியலைத் தாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதை முதல் என்று வைத்துக்கொள்வோம். பிரெஞ்சு ஆட்சிக்காலச் சைகோன் நமக்கு முக்கியமாவது இதனால்தான். அங்கே தாள் ஒரு தமிழர் கையில் இருந்தது, முதல் இன்னொரு தமிழர் கையில் இருந்தது.

1859இல் பிரெஞ்சுக் கடற்படை சைகோனைப் பிடித்தது. 1862 உடன்படிக்கையில் கொச்சின்சீனாவின் மூன்று மாகாணங்களும், 1867இல் மீதி மூன்றும் பிரான்சிடம் வந்தன. புதிய காலனிக்குக் காவலர், சிறைக் காவலர், சுங்கச் சிப்பந்தி, தபால் ஊழியர், கலங்கரை விளக்கக் காவலர், எழுத்தர் எனப் பலர் தேவைப்பட்டார்கள். பிரெஞ்சு தெரிந்த, ஐரோப்பியரைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வரக்கூடிய ஆட்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலும் பக்கத்திலும் வியாபாரிகள் போனார்கள். செட்டிநாட்டிலிருந்து நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித்தொழிலுக்குப் போனார்கள். காரைக்கால் பக்கத்து முஸ்லிம்கள் துணிக்கடை வைத்தார்கள். சைகோன் நடுப்பகுதியில் 1935இல் எழுந்த பெரிய பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. மாரியம்மன் கோயிலும் தண்டாயுதபாணி கோயிலும் இன்றும் அங்கே இருக்கின்றன. பால் வியாபாரத்திலும் தமிழர் இருந்தார்கள். அந்நகரில் வாடகைக்கு ஓடிய மூடிய குதிரைவண்டிக்கே ‘மலபார்’ என்றுதான் பெயர். தமிழரைப் பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த சொல் அது. ரெயூனியன் தீவில் நம்மவர் வழிவந்தோர் இன்றும் ‘மல்பார்’தான். ஓர் ஊரில் வண்டிக்கும் இன்னோர் ஊரில் மனிதருக்கும் அதே பெயர்.

இந்தச் சைகோன் தெருவில் நம் ஆட்கள் எங்கே நின்றார்கள்? அதைப் புரிந்துகொள்ள 1881க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி பிரான்ஸ் ஓர் ஆணை பிறப்பித்தது. பிரெஞ்சிந்தியாவில் பிறந்த எவரும் தம் தனிச் சட்டத்தை, அதாவது திருமணம், வாரிசு போன்றவற்றில் மதமும் சாதி வழக்கமும் விதித்த நிலையைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது அந்த ஆணை. துறந்தால் துறந்ததுதான், திரும்பப் பெற முடியாது. மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். துறப்பவர் தமக்கென ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். இவர்களையே ரெனோன்சான்கள் என்றார்கள்.

இந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காக வாதாட அனுமதி மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டில் வென்றவர். துறப்புக்குப் பின் ‘லாபோர்த்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் கதவு என்று பொருள். அவர் நம் சேரிக்காரர் அல்லர். ஆனால் அந்தக் கதவு வழியே முதலில் பெருந்திரளாக நுழைந்தவர்கள் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும்தான். மேல்சாதி இந்துக்கள் பெரும்பாலும் ஒதுங்கி நின்றார்கள். அவர்களுடைய தலைவர் சண்முக வேலாயுத முதலியார் இந்தச் சமத்துவத்துக்கு எதிராகக் கடைசிவரை அரசியல் செய்தார்.

நம்மவர் ஏன் ஓடிப்போய்க் கையெழுத்திட்டார்கள் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. மதம் மாறியும் சாதி மாறாத ஊர் இது. புதுச்சேரிக் கோயிலில் பறையர் கிறித்தவர்களையும் சாதிக் கிறித்தவர்களையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றியும், 1745இல் அதை இடித்தபோது எழுந்த கலகத்தைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். திருமுழுக்கு தர முடியாததை ஓர் அரசாங்கக் கையெழுத்து தரும் என்றால் அதை வேண்டாம் என்று சொல்ல நம்மவருக்கு என்ன இருந்தது? இழக்கச் சாதிச் சொத்து இல்லாதவர்களுக்குச் சாதியைத் துறப்பது எளிது. இருந்தவர்கள் யோசித்தார்கள்.

எதிர்வினை விரைவாக வந்தது. 1884இல் வாக்காளர்களை ஐரோப்பியர், ரெனோன்சான்கள், மற்ற இந்தியர் என மூன்று பட்டியல்களாகப் பிரித்தார்கள். 1899இல் ரெனோன்சான்களின் தனிப் பட்டியலும் ஒழிக்கப்பட்டது. புதுச்சேரியில் தாளின் மதிப்பு இப்படித் தேய்ந்துகொண்டிருந்தபோது, அதே தாள் சைகோனில் கனத்தது. அங்கே ரெனோன்சான்கள் கொச்சின்சீனாவின் பிரெஞ்சு வாக்காளர்கள். பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்கு ஓட்டு உண்டு. அந்தக் காலனியில் ஐரோப்பியர் தொகை சிறியது என்பதால் இந்திய ஓட்டுக்குத் தேர்தலில் எடை இருந்தது. வேட்பாளர்கள் தேடி வந்தார்கள். ‘இந்திய ஓட்டு’ என்று முணுமுணுத்த பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. ஒரு வியத்நாமியருக்குத் தம் சொந்த மண்ணில் இல்லாத உரிமை நம் ஆளுக்கு இருந்தது. நம் ஆள் அங்கே காலனியாதிக்கத்தின் சீருடையில்தான் நின்றார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதிக்கு எதிராக அவர் ஏறிய ஏணி இன்னொருவர் முதுகில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

இனி செட்டியாரைப் பாருங்கள். அவர் பிரிட்டிஷ் குடி. பிரெஞ்சுச் சட்டத்தின் பார்வையில் அவர்தான் அன்னியர். ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை. சீனர்களின் நிலையும் அப்படித்தான். அவர்கள் ‘பாங்’ எனப்படும் தத்தம் மொழிக்குழுச் சங்கத்தில் பதிந்து, தலைவரி கட்டி, சங்கத் தலைவரின் பொறுப்பில் வாழ வேண்டும். ஆனால் சைகோனின் கடைவீதியும், அரிசி வியாபாரமும், கடன் சந்தையும் இந்த அன்னியர்களிடம்தான் இருந்தன. மேக்கோங் கழிமுகத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் சாகுபடிக்குச் செட்டியாரிடம் கடன் வாங்கினார்கள். தாள் இல்லாதவர் தொழில் செய்தார், தாள் வைத்திருந்தவர் அவருடைய வீதியில் காவல் நின்றார்.

இது எப்படி நடந்தது? செட்டியார் கடையின் உள்ளமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் தெரியும். முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருப்பார். கடையை நடத்துபவர் மேலாள். ஏறக்குறைய மூன்றாண்டுக் கணக்குக்கு அவர் அனுப்பப்படுவார். சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே, பத்துப் பன்னிரண்டு வயதில் தொழில் பழக வந்த பெட்டியடிப் பையன். பையன் அடுத்தாளாகி, அடுத்தாள் மேலாளாகி, சேர்த்த பங்கை வைத்து ஒருநாள் தானே முதலாளியாவான். அவன் கடன் கேட்டால் ‘யார் மகன், எந்தக் கோயில் பிரிவு’ என்று கேட்பார்கள். பதில் தெரிந்தால் போதும், சொத்துப் பத்திரம் வேண்டாம். ஒரு கடையில் பணம் முடங்கினால் பக்கத்துக் கடை கொடுக்கும். ரங்கூனில் நடப்பு வட்டி என்ன என்பதைக் கோயிலில் கூடித்தான் நிர்ணயித்தார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியில் நாம் நிற்க வேண்டும். பொருளியல் நூல்கள் இதை ‘நம்பிக்கையின் வலைப்பின்னல்’ என்று வியந்து எழுதுகின்றன. வியக்கத்தான் வேண்டும், திறமையான அமைப்புதான். ஆனால் நம்பிக்கைக்கு இங்கே ஒரு பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. வட்டி விகிதம் கோயிலில் தீர்மானிக்கப்படுகிறது என்றால், தாய்மண்ணில் கோயில் நடையே தாண்ட முடியாதவர் அந்த விகிதத்துக்குக் கடன் வாங்குவது எப்படி? மதுரை மீனாட்சி கோயிலில் நம்மவர் நுழைந்தது 1939 ஜூலையில். அதற்கு ஓர் ஐம்பது ஆண்டுக்கு முன்பே சைகோனில் வட்டிக்கடைகள் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிட்டிருந்தன.

ரெனோன்சானின் பெயரைப் பற்றி நாம் சொல்ல விரும்புவதும் இதனோடு சேர்ந்தது. சாதியைச் சொல்லாத ஒரு பிரெஞ்சுப் பெயர் அவரை நீதிமன்றத்தில், பள்ளியில், அலுவலகத்தில் நிமிர்த்தியது. தமிழ்க் கடைத்தெருவில் அதே பெயர் அவரை யாருமற்றவராக்கியிருக்க வேண்டும் என்பது நம் வாசிப்பு. உண்டியல் செல்ல வேண்டிய பாதையில் ‘யார் மகன்’ என்ற கேள்விக்கு ‘லாபோர்த்’ என்று பதில் சொன்னால் பணம் புரளாது. பழைய பெயரைச் சொன்னாலும் புரளாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயரிலும் கடன் கிடைக்காதவருக்கு மாதச் சம்பளம் ஒன்றே வழி. ‘நம் ஆட்களுக்குத் தொழில் புத்தி கிடையாது, உத்தியோக மோகம்’ என்று நம்மிடையேகூடச் சிலர் சொல்வதுண்டு. சீருடையை அவர்கள் தேர்ந்தெடுத்தது மோகத்தால் அன்று. யாரும் பிணை கேட்காத ஒரே வருமானம் அதுதான். அந்தச் சம்பளத்திலும் ஐரோப்பியருக்கு நிகரான ஊதியம் கேட்டு ரெனோன்சான்கள் ஆண்டுக்கணக்கில் மனுப்போட வேண்டியிருந்தது.

கூலிகளாகச் சென்றவர்களின் நிலையை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்ற கப்பல் மர்த்தினீக்குக்கும், 1854 டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் முதல் தொகுதி இந்தியர்களைக் கொண்டு சேர்த்தது. 1861 ஜூலை 1ஆம் தேதி ஒப்பந்தத்தின் மூலம் பிரிட்டிஷ் இந்தியாவில் ஆள் பிடிக்கவும் பிரான்சுக்கு அனுமதி கிடைத்தது. குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். அவர்களுக்குக் கடை என்ற பேச்சே இல்லை. ஒப்பந்தம் முடிந்து, மறு ஒப்பந்தம் எழுதாமல் தெருவில் நடந்தாலே நாடோடி என்று பிடிக்கும் ஏற்பாடு இருந்தது. ரெயூனியனில் மளிகையும் துணியும் சீனர் கையிலும் குஜராத்தி முஸ்லிம்கள் கையிலும் போய்ச் சேர்ந்தன. குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904இல் தொடங்கி, இந்தியர் வழிவந்தோருக்குக் குடியுரிமை கேட்டு ஏறக்குறைய இருபது ஆண்டு போராடி 1923இல் வென்றார். அங்கே தாளுக்கே ஒரு தலைமுறை செலவானது.

அப்படியானால் ஒடுக்கப்பட்டோரில் கடல் கடந்து தொழில் செய்து வென்றவர் எவருமே இல்லையா? இருந்தார். அவரைப் பார்க்கச் சைகோனை விட்டு ரங்கூனுக்குப் போக வேண்டும். பெ. மா. மதுரைப் பிள்ளை 1858இல் பிறந்தவர், 1913இல் மறைந்தவர், சென்னை வேப்பேரிக்காரர். ரங்கூன் துறைமுகத்தில் கப்பல் துபாஷாகத் தொழில் செய்து, சொந்தமாகக் கப்பல் வைத்திருக்கும் அளவுக்கு வளர்ந்தார். அங்கே பள்ளி நடத்தினார். ராவ் பகதூர், ராய் பகதூர் பட்டங்களுக்கு ஏங்கிய காலத்தில் புலவர்கள் இவரைப் பாடிய பாடல்கள் ‘மதுரைப் பிரபந்தம்’ என்று தொகுக்கப்பட்டன. ரங்கூனில் பிறந்து, பின்னாளில் நம் இயக்கத்தின் தாயாக விளங்கிய அன்னை மீனாம்பாள் சிவராஜ் இவருடைய பேத்தி.

மதுரைப் பிள்ளையால் முடிந்தது ஏன்? அவருடைய தனித்திறமையைக் குறைத்துச் சொல்ல நாம் யார். ஆனால் இரண்டு சூழல்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. ரங்கூன் போன தமிழர் சட்டப்படி அன்னியர் அல்லர். தாள் பிரச்சினை இல்லை. இரண்டு, அவர் தேர்ந்த தொழில். கப்பல் துபாஷ் என்பவர் வந்திறங்கும் கப்பலுக்கு வேண்டிய சரக்கையும் ஆட்களையும் ஏற்பாடு செய்பவர். வட்டிக்கடைக்குப் பணம் முதல், துறைமுகத்துக்கு ஆட்கள் முதல். மூட்டை தூக்கும் கைகளோடு பேசத் தெரிந்தவருக்கு, அவர்கள் நம்பும் ஒருவருக்கு, அங்கே மதிப்பு இருந்தது. சாதி நமக்கு மறுத்த கோயில் வலைப்பின்னலுக்குப் பதிலாக உழைப்பாளர்களின் வலைப்பின்னல் ஒன்று இருந்திருக்கிறது, அதையும் முதலாக்க முடிந்திருக்கிறது என்று நாம் கருதுகிறோம். இது இன்னும் ஆய்வு செய்யப்பட வேண்டிய இடம். பண்டிதர் அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழை ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாங்கிப் படித்தவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று யாராவது தேடினால், மதுரைப் பிள்ளை தனி மரம்தானா என்பது தெரியவரும்.

மறுபடி சைகோன். இரண்டாம் உலகப் போரும், ஜப்பானிய ஆக்கிரமிப்பும், அதன் பின் வந்த வியத்நாம் விடுதலைப் போரும் அங்கிருந்த எல்லாத் தமிழரையும் ஆட்டம் காண வைத்தன. 1954 மே மாதம் தியன் பியன் பூவில் பிரான்ஸ் தோற்றது. அதே ஆண்டு அக்டோபர் 18இல் கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. கடை வைத்திருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கை முடித்தார்கள். 1975இல் சைகோன் வீழ்ந்தபோது எஞ்சியிருந்தவர்களும் கடையை விட்டு வந்தார்கள். முதல் கரைந்துவிட்டது. இப்போது தாளின் முறை.

1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இப்பகுதிகளில் பிறந்து இங்கேயே வாழ்ந்துகொண்டிருந்த பிரெஞ்சுக் குடிகள் தாமாகவே இந்தியர் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். கேட்டவர்கள் ஏறக்குறைய ஐயாயிரம் பேர். வெளியே, சைகோனிலோ பிரான்சிலோ இருந்தவர்களின் குடியுரிமை தானே தொடர்ந்தது. அந்த ஆறு மாதத்தில் யாருக்குச் செய்தி எட்டியது, யாருக்குப் படிவம் நிரப்ப ஆள் கிடைத்தது என்பது புதுச்சேரியின் சேரிகளில் இன்றும் பேசப்படும் விஷயம். ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகளில் ஒரு கிளை பாரிசிலும் மறு கிளை கூரை வீட்டிலும் இருப்பதைப் பார்க்க நம்மில் பலருக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பாரிசில் இந்தத் தாளுக்கு ஒரு குறிப்பிட்ட விலை இருந்தது. பிரான்சில் 1938 நவம்பர் 12ஆம் தேதிச் சட்ட ஆணையின்படி அன்னியர் கடை வைக்க வேண்டுமானால் ‘அன்னிய வணிகர் அட்டை’ வாங்க வேண்டும். அகதிகளும் யூதர்களும் உள்ளூர் வியாபாரத்தைக் கெடுக்கிறார்கள் என்ற கூச்சலில் பிறந்த ஆணை அது. ஆனாலும் போருக்குப் பின்பும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரிக்காரருக்கு அந்த அட்டை தேவையில்லை. 1970களில் பாரிசின் பாசாஜ் பிரதி என்ற மூடிய கடைத்தெருவில் முதல் இந்தியக் கடையும் உணவகமும் ஒரு புதுச்சேரிக் குடும்பத்தின் கையால் வந்ததில் வியப்பில்லை. மிளகாய்த்தூளும் புளியும் தேடி அலைந்த நம் சொல்தா குடும்பங்களே முதல் வாடிக்கையாளர்கள். அப்போதும் பெரும்பாலோர் கடைப்பக்கம் போகவில்லை. ராணுவம், தபால் துறை, ரயில்வே, மருத்துவமனை என்று சைகோன் பழக்கமே பாரிசிலும் தொடர்ந்தது.

பத்தாண்டு கழித்துக் காட்சி தலைகீழானது. 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் லா ஷப்பேல், கார் து நோர் பகுதிகளில் தெருத்தெருவாகக் கடை திறந்தார்கள். அவர்களிடம் பிரெஞ்சு மொழி இல்லை, பரம்பரைக் குடியுரிமை இல்லை. அகதி என்று ஏற்கப்பட்டவருக்கு 1984 ஜூலைச் சட்டம் உருவாக்கிய பத்தாண்டு வதிவிட அட்டை கிடைத்தது. அது இருந்தால் வணிகர் அட்டை வேண்டாம். தாள் அவ்வளவுதான். முதல் எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பகுதி சீட்டிலிருந்து. உணவகங்களில் பாத்திரம் கழுவிய சம்பளத்தை மாதாமாதம் சீட்டுக் கட்டி, ஏலத்தில் எடுத்து, அதில் கடைக்கு முன்பணம் கொடுத்தார்கள். வங்கி கேட்கும் பிணையை இங்கே ஊரும் உறவும் கொடுத்தன. அந்த ஊரும் உறவும் யாழ்ப்பாணத்தில் எப்படிப் பிரிந்து கிடந்தனவோ அதன் நிழல் லா ஷப்பேலில் விழாமல் இருந்ததா என்ற கேள்வியை நம் ஈழத்துத் தலித் தோழர்கள்தான் அழுத்தமாக எழுப்பி வருகிறார்கள். சீட்டில் யாரைச் சேர்ப்பது என்பது யாரை நம்புவது என்பதுதான். யாரை நம்புவது என்பது பல வேளைகளில் யாரோடு சம்பந்தம் செய்வது என்பதோடு ஒட்டியே நிற்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. 1881 ஆணையின் கீழ் துறப்பு அறிவித்தவர்களின் பழைய பெயரும் புதிய பெயரும் பிரெஞ்சிந்திய அரசிதழில் அச்சாகின. கொச்சின்சீன ஆவணங்கள் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரக் காலனி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதல் பட்டியலில் உள்ள ஒரு பெயரைக் கையில் எடுத்துக்கொண்டு, தொழில் வரி கட்டியவர்களிடையே அதைத் தேட வேண்டும். பால்காரராக, வண்டிக்காரராக, சந்தையில் சுங்கம் குத்தகை எடுத்தவராக நம் ஆட்கள் எங்கேனும் தட்டுப்படுவார்கள். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இப்போது நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். பெயர்களைத் தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம்: ஒரே முனுசாமியைப் பிரெஞ்சு எழுத்தர்கள் நாலு விதமாக எழுதியிருப்பார்கள்.